வெள்ளி விழா வில்லா

"சிரிய்யா கொஞ்சம்! பல் பிடுங்க வந்தவன் மாதிரி ஏன் மூஞ்சிய வச்சிருக்கே?"

யுன்ஃபென் நீச்சல் குளத்தின் கரையிலிருந்து அதட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற டெஹாய், முன்னால் மிதந்த மூங்கில் தட்டை முறைத்தார். இட்டிலி போல் ஆவியில் வெந்த பாவ், பப்பாளித் துண்டு, இரண்டு முட்டை எல்லாம் அதில் ஆடிக்கொண்டிருந்தன.

"எடுத்தா கவிழுது, விட்டா ஓடுது. மேசைன்னு ஒண்ணை எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்களோ!"

"இது மிதக்கும் காலை உணவாம். ருயிங் தினம் மூணு படம் அனுப்பச் சொல்லியிருக்கா. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"மருந்துச் சீட்டு கணக்கா இருக்கே."

ருயிங் அவர்களுடைய ஒரே மகள். ஷென்சென் நகரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். முதல் போனஸ் வந்ததும், பெற்றோரின் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக ஹைனான் தீவில் கடலோர வில்லா ஒன்றை ஐந்து நாளைக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அவர்கள் ஊரான ஹார்பினில் அப்போது மைனஸ் இருபத்தைந்து டிகிரி. ரயில்வே பணிமனை மெக்கானிக்கான டெஹாய், தடித்த பஞ்சுக் கோட்டோடு விமானத்தை விட்டு இறங்கி, தென்னை மரங்களுக்கு நடுவே வேர்த்து வழிந்தார்.

வில்லாவில் தலையணைக்குக்கூட மெனு கார்டு இருந்தது. பதினொரு வகை. டெஹாய் கோதுமை உமித் தலையணையை வாங்கி, நேராக சோபாவில் போட்டார்.

"கட்டில்ல கப்பலே நிறுத்தலாம். அங்க எதுக்கு?" என்றாள் யுன்ஃபென்.

"எனக்குக் குறட்டை ஜாஸ்தி."

அவளே ஒரு போர்வையை எடுத்து சோபாவில் போட்டாள்.

பெரிய தலைவலி குளியலறைதான். படுக்கையறை நடுவில் நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே ரோஜா இதழ் மிதக்கும் தொட்டி. திரையும் கிடையாது.

"இவ்வளவு பெரிய வில்லா கட்டினவனுக்கு நாலு செங்கல் கிடைக்கலையா?" என்று கொதித்தாள் யுன்ஃபென். அவள் குளித்து முடிக்கும்வரை டெஹாய் தோட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் நாள் மழை கொட்டியது. குடையோடு தென்னையடியில் நின்றவரிடம், வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர் ஓடி வந்தார்.

"ஏதாவது வேணுமா ஐயா?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. மழையை ரசிக்கிறேன்."

"என்ன ரசனை!" என்று பணியாளர் வியந்து, இன்னொரு குடை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. படகில் போய் வந்த டெஹாயின் முதுகு வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டது. கை எட்டாமல் தவித்தவரைப் பார்த்து, யுன்ஃபென் கற்றாழைக் களிம்பைப் பிடுங்கினாள்.

"திரும்பு. ரொம்பத்தான் வெக்கப்படறே."

அவள் கை முதுகில் பட்டதும் டெஹாய்க்கு எரிச்சல் அடங்கியது. களிம்பு தீர்ந்த பிறகும் அவர் திரும்பவில்லை. அவளும் உடனே எழுந்து போகவில்லை.

நான்காம் நாள் மத்தியானம், தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"வேணாம். சர்க்கரை இருக்கு."

"சர்க்கரை இருக்குன்னுதான் தர்றேன்."

"எனக்கு இருக்கு. ரெண்டு வருஷமா."

யுன்ஃபென் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஏன்யா சொல்லலை?"

"நீ கேக்கலை." அவர் அவள் கோப்பையைப் பார்த்தார். "நீ எப்பத்திலிருந்து காப்பி குடிக்கிறே?"

"அது ஆச்சு நாலு வருஷம்."

அவள் ஓர் இறாலை உரித்து அவர் தட்டில் வைத்தாள். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

கடைசி நாள் மாலை, கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றி, '25' என்று எழுதிய கேக்கோடு மேலாளர் வந்தார். விருந்தினர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இருபத்தஞ்சு வருஷ இல்லறத்தோட ரகசியத்தை இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குச் சொல்லணும்!"

யுன்ஃபென் யோசித்தாள். "ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்ணக் கூடாது. அவ்வளவுதான்."

கைதட்டல் பறந்தது. தேனிலவுக்கு வந்த ஒரு பெண் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் ருயிங் வீடியோவில் வந்தாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு விமானம். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கும்மா," என்றார் டெஹாய். "சந்தோஷமா இருந்தோம். நல்ல பரிசு."

"அப்பா, நான் ஒண்ணு சொல்வேன், ரெண்டு பேரும் கத்தக் கூடாது. நான் காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதின மாசமே நீங்க விவாகரத்து வாங்கிட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அஞ்சு வருஷமா நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்காக நடிச்சது போதும். வேணும்னா, உங்களுக்காக இன்னும் ரெண்டு நாள் அங்க இருங்க. டிக்கெட்டை ரத்து பண்ணவா?"

டெஹாய் வாயைத் திறப்பதற்குள் யுன்ஃபென் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

"இப்போதைக்கு டிக்கெட்டை ரத்து பண்ணு. விவாகரத்தை ரத்து பண்றதை அப்புறம் பாக்கலாம்."