வெள்ளைக் கோடு

அவள் துடைக்கிற துணி பட்டு, மேஜை மேலிருந்த குட்டி ரயில் பெட்டி கவிழ்ந்தது. ஒரு மாதமாக வீட்டோடு இருக்கும் கணவர், பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்த சரக்குப் பெட்டி. காலையில்தான் அதன் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு வரைந்துவிட்டு வெளியே போயிருந்தார். ஈரம் காயாத பெயிண்ட் துணியோடு வந்துவிட்டது.

சொன்னால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் கோட்டைப் போட்டாள். அவர் போட்டது கொஞ்சம் கோணல். எம்பிராய்டரி போட்டுப் பழகிய அவள் கைக்கோ கோணல் வரவேயில்லை.

மாலையில் அவர் பெட்டியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“அடடே! காலைல கோணலாப் போச்சுன்னுல்ல நினைச்சேன்? நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!”

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு உறுத்தியது.

“என்னங்க, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்...”

“இரும்மா, அப்புறம் சொல்லு” என்று கையமர்த்திவிட்டு, அவர் போனைக் காதில் வைத்தார்.

“சிஸ்டர், நாளைக்குக் கண் ஆபரேஷனுக்கு வேற டாக்டரைக் கூப்பிட வேண்டாம். என் கை நடுக்கம் சுத்தமாப் போயிடுச்சு. நானே பண்றேன்!”