பதினேழுக்கு அடுத்தது

"பதினேழு."

"உள்ளேன் சார்."

"பத்தொன்பது."

"சார், பதினெட்டை விட்டுட்டீங்க!"

கடைசி பெஞ்சிலிருந்து ரேடியோவின் குரல். வாய் ஓயாத பெண் என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. தினமும் இதே கூத்துதான்.

ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டாம் எண்காரியைப் பார்த்தார். ஜன்னலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். லாரி மோதிய காரிலிருந்து உயிரோடு மீண்டவள் அவள் மட்டும்தான். அப்பா, அம்மா, தம்பி மூவரும் போய்விட்டார்கள். சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கு வர ஆரம்பித்த பிறகு, அவள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டவர் இல்லை.

அவள் வருவதற்கு முன்பே ஆசிரியர் வகுப்பில் சொல்லிவைத்திருந்தார்: "யாரும் அவளை எதுவும் கேட்கக் கூடாது. பேசச் சொல்லித் தொல்லை பண்ணக் கூடாது."

தானும் அப்படியே நடந்தார். அவள் எண்ணைக் கூப்பிடாமல், ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகையைக் குறித்துக்கொண்டார். பிள்ளைகளும் சொன்னதைக் கேட்டார்கள். அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

ரேடியோ மட்டும் அடங்கவில்லை.

"ஏய், தள்ளி உட்காரு. பெஞ்சுக்குப் பட்டா வாங்கிட்டியா?" என்று வம்பிழுப்பாள். நேற்று அவளுடைய சாப்பாட்டையே பிடுங்கித் தின்றுவிட்டாள் என்று புகார் வேறு.

"எழுந்திரு! மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" இன்று ஆசிரியர் கத்தியேவிட்டார்.

"நம்பரைத்தானே சார் சொன்னேன்..."

"வாயை மூடு. நாளையிலிருந்து நீ பக்கத்து வகுப்பு. இப்போ வெளியே போய் நில்லு."

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், பதினெட்டு. அவர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாம்மா. பயப்படாதே. இனிமே அவ உன் பக்கமே வரமாட்டா."

உதடு இரண்டு முறை அசைந்த பிறகே குரல் வந்தது. கரகரத்திருந்தது.

"அவ இங்கேயே இருக்கட்டும் சார்."

அவர் நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு உன்னை அந்தப் பாடு படுத்துறாளேம்மா!"

"ஆமா சார். நேத்து சாப்பாட்டைப் பிடுங்கினதுக்கு நல்லாக் கிள்ளிட்டேன். அவளும் திருப்பிக் கிள்ளினா. இன்னும் வலிக்குது."

"அப்புறம் ஏம்மா?"

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பதினேழுக்கு அப்புறம் நீங்க நேரா பத்தொன்பதுக்குப் போறப்பல்லாம், அன்னிக்கு கார்ல நானும் செத்துட்ட மாதிரியே இருக்கு சார். இல்லைன்னு சத்தம் போடுறது அவ ஒருத்திதான்."