கிட்டார் பார்க்க வந்தவர்கள்

இரத்தினபுரியின் பெரிய இசைக்கருவிக் கடையில், விற்பனையாளன் உதயராஜை, கிட்டார் பார்க்க வந்த ஒரு தம்பதி படாத பாடு படுத்தினார்கள்.

“இது குட்டையா இருக்கே தம்பி. அது ரொம்பக் கறுப்பு,” என்றார் அந்த அம்மா.

“அதுக்கென்னங்கம்மா, வேற காட்டுறேன்.” மறுபடியும் ஏணியில் ஏறினான்.

“வாசிச்சுக் காட்டுங்களேன்,” என்றார் கணவர்.

வாசித்தான்.

“பாட மாட்டீங்களா?”

பாடினான். கடையே திரும்பிப் பார்த்தது. ‘இதுங்க வாங்குற கேஸ் இல்ல’ என்று மேனேஜர் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினார்.

“உங்களுக்குக் கோவமே வராதா தம்பி?”

“கடைக்கு வந்தவங்ககிட்ட என்னங்கம்மா கோவம்? மனசுக்குப் புடிச்சதா எடுக்கணும்ல?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கிட்டார் வேணாம் தம்பி,” என்று எழுந்தார் கணவர்.

உதயராஜுக்கு முகம் தொங்கிப்போனது.

“எங்க ஊரு ஓப்பநாயக்க பக்கம். நிரோஷாவோட அப்பா, அம்மா. கட்டுனா உங்களத்தான் கட்டுவேன்னு வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கிறா.”

அவன் கையிலிருந்து நழுவிய கிட்டாரை அந்த அம்மா தாவிப் பிடித்தார்.

“பொண்ணு பார்க்கப் போறவங்க எல்லாம் பொண்ணத்தானே பாடச் சொல்றாங்க? ஒரு மாறுதலுக்கு, நாங்க மாப்பிள்ளையப் பாடச் சொன்னோம்!”