ஏழு தலைமுறைப் பெயர்கள்

"உங்க ஏழு தலைமுறைப் பேரும் உங்களுக்கு மனப்பாடமா?" என்று கேட்டாள் மரால்.

தட்டை மேசையில் வைத்தபடியே தௌரன் சிரித்தான். "அது தெரியாம கசாக்னு சொல்லிக்க முடியுமா?"

கசாக் நாட்டின் அல்மாட்டி நகரத்தில், அந்தப் பல்கலைக்கழகக் கேன்டீனில் மதிய நேரத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அத்தனை கூட்டத்திலும் ஒரு மாதமாக அவன் தட்டு இந்த மேசைக்குத்தான் வந்து சேர்கிறது.

மராலின் அறைத்தோழி ஜாஸிரா விஷயத்தை உடைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே குலமாம். ஏழு தலைமுறைக்குள்ள ஒரே பாட்டன் வந்துட்டா அண்ணன் தங்கச்சி. தாண்டிட்டா எனக்குக் கல்யாணச் சாப்பாடு. எங்க குலமே வேற, அதனால எனக்கு இந்தத் தலைவலி இல்ல."

முப்பதாயிரம் பேர் படிக்கிற இடம். வந்து ஒரு வருஷமாகியும் மராலைத் தேடி ஒரு ஈ காக்கை வந்ததில்லை. வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை, அவள் அப்பாவும் ஒரே பிள்ளை. ஜாஸிராவுக்கோ ஞாயிறுதோறும் விடுதி வாசலில் சொந்தக்காரர்கள் படையாக வந்து நிற்பார்கள். அவர்கள் கொண்டுவரும் குதிரைக்கறியில் மராலுக்கும் ஒரு பங்கு உண்டு; அதைத் தின்னும்போதுதான் அவளுக்கு அழுகை வரும். இந்தப் பெரிய ஊரில் தனக்கென்று ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"சொல்லுங்க," என்றாள்.

"அப்பா செரிக். தாத்தா ஒமிர்சாக். அவரோட அப்பா கெஞ்சே. நாலாவது தோலேகென். அஞ்சாவது பாய்ம்பெத்..."

மரால் கையிலிருந்த முள்கரண்டி பாதியில் நின்றது. "நாலு மகன் இருந்தாங்களே, அந்த பாய்ம்பெத்தா?"

"ஆமா. நாங்க மூத்தவர் வழி."

"நாங்க கடைசி மகன் வழி," என்றாள். அதற்குள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. தௌரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜாஸிரா பதறிப்போய் அவள் தோளை அணைத்தாள். "விடுடி. முப்பதாயிரம் பேர்ல வேற ஒருத்தன் கிடைக்காமலா போயிடுவான்?"

"எனக்கு எதுக்குடி வேற ஒருத்தன்?" மரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாக்கிறவங்ககிட்டயெல்லாம் குலம் கேட்டுக் கேட்டு, ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் எனக்கு ஒரு அண்ணன் கிடைச்சிருக்கான்."

தௌரன் நிமிர்ந்தான். அவன் முகமும் மலர்ந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை விடுதிக்குப் பாக்க வர்றேன், தங்கச்சி," என்றான்.

சொன்னது மராலிடம்தான், ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது, இந்த ஒரு மாதமும் பார்த்ததைப் போலவே, ஜாஸிராவை.