சக்கரத்துக்கு வைத்த கல்

திம்பத்திலிருந்து இறங்கும் பேருந்து ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நிற்கிறது. மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்குக் கோவையில் பொற்கொடிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வளைந்து சரியும் சாலையில் வண்டி வரிசை எப்போது திணறும், எப்போது தெளியும் என்று நான்கு வருடம் சமன்பாடு போட்டவள், பாவம், அந்த ஆய்வேட்டை மடியில் வைத்தபடி அதே வரிசைக்குள் அடைபட்டிருக்கிறாள். கணக்குப்படி மூன்று நிமிடத்தில் தெளிந்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரமாகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஏற முடியாமல் பின்சக்கரத்துக்குக் கல் வைத்து நிற்கும் சிமெண்டு லாரி. நடுவே சூடான பிரேக்கின் வாடை. ஒருவழியாக லாரி உறுமிக்கொண்டு ஏறிப் போகிறது. கல் நடுரோட்டிலேயே கிடக்கிறது. பேருந்து பத்தடி உருண்டு மறுபடி நிற்க, பின்னாலிருந்து ஆரன் சத்தம் வளைவு வளைவாக மலையேறுகிறது. "வெச்சவன் எடுத்துப்போட்டா கை தேஞ்சா போயிரும்?" என்கிறார் நடத்துநர். பொற்கொடி இறங்கி, கல்லை இரண்டு கையாலும் தூக்கி வருகிறாள். "ஏனுங்க அம்மணி, அதை எதுக்கு வண்டிக்குள்ள கொண்டாறீங்க?" "என்ற கணக்குல இதை உட்டுப்போட்டனுங்க." பேருந்து நகர்கிறது. கல் அவள் மடியில், ஆய்வேட்டின் மேல் கனக்கிறது. எட்டாவது வளைவில் பேருந்து மறுபடி நிற்கிறது. அவள் எட்டிப் பார்க்கிறாள். அங்கேயும் ஒரு கல்.