ஒரே ஒரு வரி அரபியில்

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் டிராம் ஓட்டும் வஜீஹ், தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு மணி நேரம் ஜெர்மன் மொழியில் நாவல் எழுதுவார். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. மறுபடியும் முதலிலிருந்து திருத்திக்கொண்டிருந்தார்.

சிரியாவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான் அவர் மனைவியின் தம்பி நவார். அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் மச்சான், அப்பல்லாம் நம்ம ஊரு ஹோம்ஸ்ல உங்க கதை வந்தா பத்திரிகைக்கு அடிதடியே நடக்கும். இங்க வந்து ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி இலக்கணத்தோட மல்லுக்கட்டுறீங்களே! நம்ம அரபி கசந்துபோச்சா?”

“நான் இதுலதான் எழுதுவேன்.”

“வெள்ளைக்காரன் கையால பரிசு வாங்கணும், அதானே?”

வஜீஹ் அடுத்த வரியைத் திருத்தப் போனார். நவார் ஒரு நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தான்.

“எனக்காக ஒரே ஒரு வரி அரபியில எழுதுங்க. அப்புறம் இதைப் பத்திப் பேசவே மாட்டேன்.”

வஜீஹ் பேனாவைத் தாளில் வைத்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. எழுத்து வரவில்லை, கிறுக்கல்தான் வந்தது.

“மச்சான், என்னாச்சு?”

“நான் ஜெயில்ல இருந்தது உனக்குத் தெரியும். அங்க ஏழு மாசம், அடிச்சு அடிச்சு, கூட்டாளிங்க மேல பொய் வாக்குமூலம் எழுத வெச்சானுங்க. அரபியில. அன்னையிலேர்ந்து அந்த எழுத்தைத் தொட்டா கை இப்படித்தான்.”

பேனாவை ஜெர்மன் நாவலின் தாளுக்கு மாற்றினார். நடுக்கம் நின்றது.

“இந்த மொழியில நான் இன்னும் ஒரு பொய்கூட எழுதல, நவார்.”

நவார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எழுதினவரைக்கும் நம்ம அரபியில வாயால சொல்லுங்க மச்சான். நான் கேக்குறேன்.”