ஏழாம் எண் நோயாளி

"நேரம் ஓடுது டாக்டர்" என்று டகெட் மேசையைத் தட்டினார். எதிரே மேரன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

டகெட் டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புது ஷூ போலிருக்கிறது. வலது காலில் இருந்ததை மேசைக்கடியில் கழற்றி விட்டிருந்தார். பக்கத்தில் கடிகாரமும் கையுமாக வெர்னா. பிளாஸ்டிக் சர்ஜன் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வில் இரண்டு பேராக உட்கார்ந்துதான் கேள்வி கேட்பார்கள்.

ஆறு வருடப் பயிற்சி முடிந்தது. எழுத்துத் தேர்வும் முடிந்தது. இதில் தோற்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆஸ்பத்திரி அவளை வைத்திருக்காது. அமெரிக்காவின் மோன்டானாவில் அவள் வேலை பார்த்த மர மில் ஊருக்கு இருந்த ஒரே பிளாஸ்டிக் சர்ஜன் அவள்தான்.

ஒன்பது மாதம் அவள் செய்த ஆபரேஷன்கள் தடித்த கோப்பாக மேசைமேல் கிடந்தன. நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

"ஏழாம் எண்ணுக்கு வாங்க. மில் ரம்பத்துல கட்டைவிரல் போன ஆளு. கால் பெருவிரலை வெட்டிக் கையில வெச்சிருக்கீங்க. வேற வழியே இல்லையா?"

"இருந்துச்சு சார். ஆனா அவர் மரம் தூக்குறவர். இறுக்கிப் பிடிக்க விரல் வேணும்."

"ஒட்டுன விரலு செத்துப்போயிருந்தா?"

"மணிக்கொரு தடவை நிறம் பாத்தோம். நீலம் தட்டுனா உடனே திரும்ப ஆபரேஷன்தான்."

"அப்படிப் போடு!" என்றாள் வெர்னா.

டகெட் அவளை முறைத்தார். "கேள்வி கேக்க வந்தியா, கை தட்ட வந்தியா?"

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி. கையில விரல் வந்துருச்சு, கால்ல போயிருச்சே? நடை கோணும், ஷூ கடிக்கும்னு அந்த ஆள்கிட்ட முன்கூட்டியே சொன்னீங்களா?"

ராத்திரியெல்லாம் உருப்போட்ட பதில். மேரன் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "சொன்னேன் சார். எல்லா விளைவையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே விளக்கமா எடுத்துச் சொன்னேன். நோயாளி புரிஞ்சுக்கிட்டு முழு மனசோட சம்மதிச்சார்."

வெர்னாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

டகெட் டையைத் தளர்த்தினார். குனிந்து, கழற்றிய ஷூவை எடுத்துக் கோப்பின் மேலேயே வைத்தார்.

"நாளைக்கு நிஜத் தேர்வுல இதைச் சொல்லித் தொலைக்காதீங்க டாக்டர். எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே!"